பூட்டில்லாத பாட்டு

பூட்டுக்கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. ஆசையாகப் புதுப் போன் வாங்கி, பழைய போனில் காசு கொடுத்து வாங்கிய பாட்டை அதில் தட்டினால், "இந்தக் கருவியில் கேட்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்கிறது திரை!

"யாரைப் பார்த்து அனுமதி இல்லைங்கறான்? ஊருக்கே பூட்டு விக்கிறவன் நான். எனக்கே பூட்டா?"

"மெதுவாக் கத்துங்க. கடைக்கு வர்றவங்க ஓடிடப் போறாங்க," என்றாள் மனைவி.

"காசு கொடுத்தேன்ல? அப்ப பாட்டு என்னுதா, அவனுதா?"

"உங்களுதுதான். கேக்கத்தான் முடியாது."

எரிகிற நெருப்பில் எண்ணெய். பூட்டுப் போட்ட பாட்டை இனி காதாலும் தொடுவதில்லை என்று அங்கேயே சபதம் போட்டார். தேடித் துருவி, பூட்டே இல்லாமல் பாட்டு விற்கிற தளம் ஒன்றைப் பிடித்தார். பிடித்ததையெல்லாம் மறுபடி வாங்கி, இறக்கி, ஒரு பென்டிரைவில் அடைத்தார். கம்ப்யூட்டர், கார், கடை ரேடியோ, எதில் செருகினாலும் பாடியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்படியே என் தம்பிக்கும் ஒரு காப்பி போட்டுக் கொடுங்களேன்."

மச்சான் பேச்சை எடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. அவன் இரவல் வாங்கிப் போன ட்ரில்லிங் மெஷினே இன்னும் வீடு திரும்பவில்லை.

"அவனுக்கா? அவன் காசுல அவன் வாங்கட்டும்!"

பென்டிரைவ் பீரோவுக்குள் போனது. பீரோவில் கடையிலேயே உயர்ந்த ரகப் பூட்டு தொங்கியது. சாவி அவர் இடுப்பில்.

"பூட்டே கூடாதுன்னு குதிச்சீங்களே?"

"அது அவன் போட்ட பூட்டு. இது நான் போட்ட பூட்டு. ரெண்டும் ஒண்ணா?"

மனைவி வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மறுநாள் லாட்ஜ் நடத்தும் அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். அறைக்கு அறை பூட்டு வேண்டுமாம், அதே உயர்ந்த ரகத்தில். அதன் பெருமையைக் கடைக்காரர் அளந்துகொண்டிருந்தபோது, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் பாட்டுக் கேட்டது. அவருடைய பாட்டு! எட்டிப் பார்த்தார். பீரோ ஆவென்று திறந்து கிடந்தது. பூட்டில் மனைவியின் கொண்டை ஊசி. பென்டிரைவ் மச்சானுடைய லேப்டாப்பில்.

"அடியே! என்னடி பண்ணி வெச்சிருக்கே! என் பூட்டை..."

"பூட்டுக்கு என்னங்க?" என்று கேட்டுக்கொண்டே மனைவி கடைக்குள் வந்து நின்றாள்.

லாட்ஜ் அம்மா கையிலிருந்த பூட்டைச் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்தார். "ஏங்க, சாவி இல்லாம இதை யாராச்சும் திறந்துட முடியுமா?"

தொண்டைவரை வந்த வசவை அப்படியே விழுங்கினார் கடைக்காரர். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"யாராலயும் முடியாதும்மா."

"தம்பி," மனைவி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், "பீரோவை யாருமே திறக்கலையாம்டா. மாமாவே சொல்லிட்டார். நீ பாட்டுக்குக் கேளு!"