ஸ்ட்ரெச்சர் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே உன் அண்ணி சுகம், எங்களிடம் வளரும் உன் மகள் பட்டாணி பரம சுகம், நான் மல்லாந்து படுத்தபடி சுகம். கையெழுத்து மேலும் கீழுமாகப் போவதற்கு அதுதான் காரணம். பரீட்சை அட்டையை நெஞ்சின்மேல் நிறுத்திவைத்து எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தடவை பேனா மை வரமாட்டேன் என்கிறது. நீயும் உன் மனைவியும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, ஒருவரோடொருவர் சண்டை போட நேரம் கிடைக்கும் அளவுக்குச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று நீ போனில் கத்தியதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருப்பேன். நீ என்னை “அதில்லடா தம்பி” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச விடவில்லை. உன்மேலும் தப்பில்லை. உன் மகள் உன்னிடம், “அப்பா, ஸ்கூல்ல தீப்பிடிச்சுது, எல்லாரும் வெளிய போயிட்டாங்க, நான் மட்டும் மாடியில படுத்திருந்தேன்” என்று சொன்ன இடத்தில் லைன் போய்விட்டது. பெற்ற மனம் பதறத்தான் செய்யும். ஆனால் அதற்காக இருபதாம் தேதி வந்து அவளை அழைத்துப்போய் அங்கே ஹாஸ்டல் உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறேன் என்று நீ ஒரேயடியாக முடிவு கட்டியது அவசரம். நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். அமைதியாகப் படி, படித்து முடிக்கும்வரை போனைத் தொடாதே.

எங்கள் பள்ளிக்கூடத்தின் தீப்பாதுகாப்புப் பொறுப்பாளர் நான் என்பது உனக்குத் தெரியும். எப்படி ஆனேன் என்பது தெரியாது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததும், தலைமையாசிரியை ஆசிரியர் கூட்டத்தில் எல்லார் முகத்தையும் பார்த்தார், எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள், நான் மட்டும் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்ததால் நிமிர்ந்திருந்தேன். “நீங்க பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவர், மேப் போட உங்களைவிட்டா யாரு இருக்கா?” என்று ஃபைலையும் ஒரு விசிலையும் ஒரு ஸ்டாப்வாட்சையும் என் கையில் கொடுத்துவிட்டார். நானும் சும்மா சொல்லக்கூடாது, இரண்டு வாரம் உட்கார்ந்து கட்டடம் முழுவதற்கும் வரைபடம் போட்டேன். எந்த வகுப்பு எந்தப் படியில் இறங்க வேண்டும், மைதானத்தில் எந்த மரத்தடியில் நிற்க வேண்டும் என்று சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஒட்டினேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, “கல்யாண வீட்டுக்கு வழி காட்டுற மாதிரி இருக்கு” என்றாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் ஒத்திகைக்குத் தீயணைப்பு நிலையத்து அதிகாரி நேரில் வந்திருந்தார். நீண்ட மணி அடித்தது. பிள்ளைகள் பையை எடுத்தார்கள், தண்ணீர் பாட்டிலை மாட்டினார்கள், மேஜைக்கடியில் உருண்ட பென்சிலைத் தேடினார்கள், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர், “இன்னும் ரெண்டே ஸ்டெப், முடிச்சிட்டுப் போயிடலாம்” என்று பலகையை விட்டு நகரவில்லை. மாடியில் வராந்தாக் கோடியில் அவசரக் கதவு ஒன்று உண்டு, அதைத் திறந்தால் பின்பக்க இரும்புப் படிக்கட்டு. சாவி பக்கத்துச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, ஆபத்து நேரத்தில் கண்ணாடியை உடைத்து எடுக்க வேண்டும். உடைத்தால் புதுக் கண்ணாடிக்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்ற கேள்வி வந்ததால், தலைமையாசிரியை, “உடைச்ச மாதிரி வெச்சுக்குவோம்” என்றார். ஆக மாடி வகுப்புகளின் எண்பது பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பூட்டின கதவைக் கையால் தொட்டு, வெளியே போன மாதிரி வைத்துக்கொண்டு, திரும்பி முன்படி வழியாக இறங்கி வந்தார்கள். மொத்தம் பத்தொன்பது நிமிஷம். அதிகாரி என்னிடம், “சார், நிஜத் தீ இவ்வளவு பொறுமையா இருக்காது” என்றார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

அவர்தான் போகும்போது ஒரு யோசனை சொன்னார். “ஒத்திகையில யாராவது ஒருத்தரை மயக்கம் போட்ட மாதிரி படுக்க வைங்க. அப்பதான் ஆளைத் தூக்கிக்கிட்டு இறங்குற பழக்கம் வரும்.” யாரைப் படுக்க வைப்பது? அடுத்த வீட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்தால், என் பிள்ளைதான் கிடைத்ததா என்று அதன் அம்மா வந்து நிற்பாள். அதனால் நம் வீட்டுப் பிள்ளையையே போட்டேன். ஆமாம், பட்டாணிக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தது நான்தான், இதை நீ வேறு யார் மூலமாகவும் கேள்விப்படக் கூடாது என்பதால் நானே எழுதிவிடுகிறேன். வேலை இதுதான்: மணி அடித்ததும் அவள் தன் ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து விலகி, மாடி வராந்தாவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் மயங்கிப் படுத்துக்கொள்ள வேண்டும். மைதானத்தில் எண்ணிக்கை முடிந்து நான் விசில் ஊதியதும், பி.டி. மாஸ்டரும் ஆய்வகத்து உதவியாளரும் ஸ்ட்ரெச்சரோடு மேலே போய் அவளைத் தூக்கிவர வேண்டும். பிள்ளை இதை எவ்வளவு சிரத்தையாக எடுத்துக்கொண்டாள் என்கிறாய்! வீட்டில் ஹாலில் விழுந்தாள், சமையலறையில் விழுந்தாள், ஒரு நாள் குளியலறை வாசலில் கண்ணை மூடிக் கிடந்ததைப் பார்த்து உன் அண்ணி போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். இரண்டாவது ஒத்திகையில் அதிகாரி எல்லாரையும் ஏதாவது குறை சொன்னார், அவளை மட்டும் முதுகில் தட்டி, “இந்தப் பொண்ணு ஒண்ணுதான் சொன்னதைச் சொன்னபடி செஞ்சிருக்கு. ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் என்ன ஆனாலும் எழுந்திருக்கக் கூடாது, சரியா?” என்றார். அவளும் சரி என்றாள். உன் மகள் சரி என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது உனக்கும் தெரியும்.

இனி நடந்த விஷயம். போன செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது பீரியடில் நீண்ட மணி அடித்தது. இந்த மாதம் முன்கூட்டிச் சொல்லாமல் ஓர் ஒத்திகை உண்டு என்று தலைமையாசிரியை சொல்லி வைத்திருந்ததால், எனக்கே சொல்லாமல் வைத்துவிட்டார்களே என்று ஒரு சின்ன வருத்தத்தோடு ஸ்டாப்வாட்சை அழுத்திக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். தம்பி, அன்று பிள்ளைகள் இறங்கிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருத்தர் பையைத் தொடவில்லை. கணக்கு ஆசிரியர் ஸ்டெப்பைப் பாதியில் விட்டார். எண்பது பேரும் பூட்டின கதவைத் தொட்டுவிட்டு ஒழுங்காகத் திரும்பி வந்தார்கள். நாலு நிமிஷம் பத்து விநாடி! வகுப்பு வகுப்பாக எண்ணிக்கை வந்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டும், நானூற்றுப் பதினொன்று இருந்தது. ஆறாம் வகுப்பு டீச்சர், “ஒண்ணு குறையும் சார், அது நம்ம மயக்கம் போடுற பொண்ணு. நான்தான் உன் இடத்துக்குப் போன்னு அனுப்பி வெச்சேன்” என்றார். சரிதானே என்று நானும் தாளில் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சரியாக நடந்த சந்தோஷத்தில் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடுகூட இழுத்தேன். அப்போதுதான் மணி அடிக்கும் பெரியவர் மூச்சு வாங்க ஓடிவந்து, “சார், ஒத்திகைன்னு யாரு சொன்னது? மாடி ஸ்டோர் ரூம்ல நெஜமாவே புகையுது, அதான் அடிச்சேன்” என்றார்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. விசில் ஊதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஐம்பத்தாறு வயதில் இரண்டிரண்டு படியாகத் தாண்டி மாடிக்கு ஓடினேன். பிள்ளைகள் இறங்கும்போது ஸ்டோர் ரூமுக்குள்ளேயே இருந்த புகை அதற்குள் வெளியே வந்திருந்தது. வராந்தா முழுக்கப் புகை என்று சொல்ல முடியாது, பாதி வராந்தா என்று வைத்துக்கொள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள் உன் மகள்.

“எழுந்திருடி, நெஜத் தீ!” என்றேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “ஸ்ட்ரெச்சர் எங்க பெரியப்பா?”

“ஸ்ட்ரெச்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல, எழுந்திரு!”

“நீங்க டெஸ்ட் பண்றீங்க. நான் மயக்கத்துல இருக்கேன்.” கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளோடு வாதம் பண்ணி ஜெயிக்க அது நேரமில்லை. வாரித் தூக்கித் தோளில் போட்டேன். நாலு படி இறங்கினேன், ஐந்தாவது படியில் இடுப்பில் சுளீரென்று ஒரு பிடிப்பு, அப்படியே சுவரைப் பிடித்து உட்கார்ந்தவன்தான். அவள் இறங்கி நின்று என் முகத்தைப் பார்த்து, “பெரியப்பா, இப்ப நெஜமாவே நீங்கதான் மயக்கமா?” என்று கேட்டபோதுதான் அவளுக்கே விஷயம் புரிந்திருக்கிறது. அதன் பிறகு அவள் அழவில்லை, கத்தவில்லை, என் அக்குளில் தோளைக் கொடுத்து ஒவ்வொரு படியாக நகர்த்தினாள். அதற்குள் தலைமையாசிரியை அனுப்பி, பி.டி. மாஸ்டரும் ஆய்வகத்து உதவியாளரும் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்கள். பதினொரு வயதுப் பிள்ளையைத் தூக்கப் பழகியவர்கள் எழுபத்தெட்டுக் கிலோவைத் தூக்கினார்கள், பாவம். பட்டாணி கூடவே என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நாங்கள் மைதானத்துக்கு வந்ததும் பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள், நான் பிரமாதமாக நடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

தீ என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டோர் ரூமில் பழைய மேடைத் திரை ஒன்று மின்கம்பியில் உரசிப் புகைந்திருக்கிறது. தலைமையாசிரியை சொன்னதும் வேதியியல் ஆசிரியை தீயணைப்பான் சிலிண்டரை எடுத்து இரண்டு நிமிஷத்தில் அணைத்துவிட்டார். வண்டி வந்தபோது அவர்களுக்கு வேலையே இல்லை. இப்போது அவசரக் கதவின் பூட்டை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. இனிமேல் யாரையும் படுக்க வைப்பதில்லை, அப்படியே வைத்தாலும் மூட்டைக்குச் சட்டை மாட்டிப் படுக்க வைப்போம். ஆகவே தம்பி, நீ பயப்பட இங்கே எதுவும் பாக்கியில்லை. பட்டாணிக்குச் சிநேகிதிகள் இங்கே, பள்ளி நடக்கும் தூரம், படிப்பும் நன்றாக வருகிறது. எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பள்ளிக்கூடத்தின் தீப்பாதுகாப்புக்கு நான் பொறுப்பில் இருக்கிறேன். நான் பொறுப்பில் இருக்கும்வரை அவளுக்கு ஒரு குறையும் வராது என்று எழுத்திலேயே உனக்கு உத்தரவாதம் தருகிறேன். வேறு யாருக்காவது இப்படி ஒரு உத்தரவாதம் கிடைக்குமா? அதனால் டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

உன் மனைவியிடம் எங்கள் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனக்கவலை இல்லாமல் நீண்டநாள் நிறைவாக வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உட்கார்ந்து வாழ்த்த முடியவில்லை, அவ்வளவுதான் குறை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் தலைமையாசிரியை என்னைப் பார்க்க வந்திருந்தார். ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். “மைதானத்துக்கு வந்தப்புறம், சொல்லி அனுப்புற ஆளைத் தவிர, எதுக்காகவும் யாரும் உள்ள திரும்பக் கூடாதுன்னு எழுதி ஒட்டினது நீங்கதான் சார். நீங்க ஓடினதும் உங்க பின்னாலேயே ரெண்டு டீச்சர் ஓடப் பாத்தாங்க, ஏழாம் வகுப்புல பாதி வரிசை கலைஞ்சு படிக்கட்டு வரைக்கும் வந்துடுச்சு. நான் கையை விரிச்சு நின்னு தடுத்தேன். விசில் ஊதியிருந்தீங்கன்னா ஸ்ட்ரெச்சர் உங்களுக்கு முன்னாடியே போயிருக்கும்” என்றார். அத்தனையும் உண்மை. பிறகு, “அடுத்த தடவை நிப்பீங்களா?” என்று கேட்டார். நிற்கமாட்டேன் என்பது எனக்கே தெரியும். அன்று அந்த நானூற்றுப் பதினொரு பிள்ளைகளில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை தம்பி. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. ஃபைலையும் விசிலையும் ஸ்டாப்வாட்சையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். வேதியியல் ஆசிரியை எடுத்துக்கொள்கிறாராம், அவர் நிற்பார்.

ஆகவே மேலே நான் கொடுத்த உத்தரவாதம் செல்லாது. டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னதும் செல்லாது. பட்டாணி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்ல என்னிடம் இப்போது ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது, அதற்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தம் கிடையாது. அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் இருப்புக்கொள்ளாது. இருபதாம் தேதி நீ வா. அவளை எதிரில் உட்காரவைத்து, எங்கே இருக்க ஆசைப்படுகிறாய் என்று அவளையே கேள். அவள் உன்னோடு வருகிறேன் என்றால் நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன். உன் அண்ணி அழுவாள். நான் அழுதாலும் அதை அண்ணி கணக்கிலேயே சேர்த்துக்கொள்.