எண்பத்திரண்டாம் வருடத்துக் கப்பு

"அந்தக் கப்பு எங்க இருக்கு?" என்று ஞானபாய் கேட்டபோது ஹென்றி சவரம் செய்துகொண்டிருந்தார். தாடையில் ஒரு கீறல் விழுந்தது.

"எந்தக் கப்பு?"

"எண்பத்திரண்டுல காலேஜ் ஃபுட்பால்ல நீங்க ஜெயிச்சது. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொன்னீங்கள்லா. அந்த டீமுக்கு காலேஜ்ல விழா வைக்காங்களாம். நேத்து போன் வந்துச்சு. கப்போட வாரோம்னு சொல்லிட்டேன்."

துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹென்றி அந்த அணியின் கோல்கீப்பர். அந்த வருடம் அவர்கள் ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை.

"அது காலேஜ்லதாம்ளா இருக்கும்."

"அப்ப பிரின்சிபால்ட்ட கேட்டுப் பாத்திருவோம்."

"இல்ல இல்ல, கேப்டன் வீட்டுல இருக்கு. நான் போய் வாங்கிட்டு வாரேன்."

கேப்டன் ஜெயகணேஷ் இப்போது உப்பு வியாபாரி. விஷயத்தைக் கேட்டதும் அலமாரியிலிருந்து ஒரு கப்பை எடுத்தார். வியாபாரிகள் சங்கத்து வாலிபால் கப்பு.

"எழுத்தச் சுரண்டிருவோம். ஆனா ஏலே, ஃபைனல்ல நான் மூணு கோல் போட்டேன்னு எங்க வீட்டுல சொல்லியிருக்கேன். மேடையில நீ அதையும் சொல்லிரு."

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆறுமுகநேரியில் எட்டு கோல் வாங்கிவிட்டு, உப்பு லாரியின் மேல் உட்கார்ந்து, ஜெயித்தவர்களைப்போல் தொண்டை கட்டப் பாடிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஆத்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, "எத்தனை கோல்ல ஜெயிச்சீங்க தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார்கள்.

வீட்டில் ஞானபாய் கப்பையும் அதன் உச்சியில் நின்ற பொம்மையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவன் என்ன, ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கான்?"

"அதான் கோல்கீப்பர்."

"அப்ப உங்களுக்காகச் செஞ்சதா?"

ஹென்றி தலையை ஆட்டிவைத்தார். அவள் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்தாள். விழாவுக்கு ஒரு வேன் நிறைய ஆள் கிளம்பியது.

மேடையில் மேசைமேல் கப்பு. முன்வரிசையில் பட்டுச்சேலையில் ஞானபாய். பக்கத்தில் ஜெயகணேஷின் மனைவி. வரவேற்க வந்த பெண் ஈவாஞ்சலின், கல்லூரி மகளிர் கால்பந்து அணியின் கேப்டன். அவள் கையில் எண்பத்திரண்டாம் வருடத்துக் கல்லூரி மலர் இருந்தது.

ஹென்றி அதைப் பார்த்துவிட்டார். அதில் எல்லா ஆட்டத்தின் விவரமும் அச்சாகியிருக்கும். இந்தப் பெண் வாசிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது மேல். எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"ஒம்பது மேட்ச் ஆடினோம். ஒம்பதும் தோத்தோம். நாப்பத்து மூணு கோல். எல்லாம் என்னத் தாண்டித்தான் போச்சு. இந்தக் கப்பு வாலிபால் கப்பு. ஞானம், என்ன மன்னிச்சிரு. உன்னக் கட்டணும்னு அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேன்."

ஜெயகணேஷ் தலையைக் குனிந்துகொண்டார். ஞானபாய் கப்பைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஹென்றிக்குத் தெரியவில்லை.

ஈவாஞ்சலின் மலரை விரித்துக்கொண்டு மைக் அருகே வந்தாள்.

"தெரியும் சார். நாங்க இந்த வருஷம் எட்டு மேட்ச் தோத்தாச்சு. எட்டு தோத்த பெறகும் ஒம்பதாவதுக்கு எப்படிப் போனீங்கன்னு கேக்கத்தான் சார் உங்களக் கூப்பிட்டோம்."