பனியன்துணி அண்ணனின் சாமி

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஓடுகிற அத்தனை மோட்டார் சைக்கிள்களையும் ஒரு தட்டில் வைத்து, பனியன்துணி அண்ணனின் வண்டியை மட்டும் மறு தட்டில் வைத்தால், பளபளப்பில் அண்ணன் தட்டுதான் இறங்கும். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அந்த வண்டியைப் பார்த்ததில்லை.

ஆட்டையாம்பட்டியில் அவருக்குப் பக்கத்து வீட்டில் நாங்கள் வாடகைக்குக் குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை. மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு ஓர் ஆண்குரல் கேட்டது.

"ஆடாம நில்லு சாமி. காதோரம் பாரு, எத்தன அழுக்கு. செத்த பொறு, ஆச்சு. இந்தா, விபூதி வெச்சுக்கலாம்."

என் மனைவி உருகிவிட்டாள். "பேரப் புள்ளைய எவ்வளவு பிரியமா குளிப்பாட்டுறாரு பாருங்க. நீங்களும் இருக்கீங்களே" என்று என்னை ஒரு இடி இடித்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு பார்க்கப் போனாள். போன வேகத்தில் பாக்கெட்டோடு திரும்பினாள்.

"கொழந்த இல்லீங்க, வண்டி" என்றாள்.

காது என்பது பின்னால் வருகிறவரைப் பார்க்கிற கண்ணாடி. விபூதி சைலன்சருக்கு. வெள்ளிக் குத்துவிளக்குக்கு விபூதி போட்டுத் தேய்ப்பார்களே, அதே வைத்தியம். வாரா வாரம் கோயிலில் கைநிறைய விபூதி கேட்டு வாங்கிப்போகும் இவரைப் போல ஒரு பக்தரைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று பூசாரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் அவர் மனதைக் கெடுக்கவில்லை.

அண்ணன் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பெயின்ட் அடித்து ஓய்ந்தவர். கல்யாணமோ துக்கமோ, தோளில் ஒரு பழைய பனியன் கிடக்கும். அதனால் அந்தப் பெயர். நிஜப் பெயர் அவர் மனைவிக்கே யோசித்தால்தான் வரும். கம்பிகளுக்குப் பல் துலக்கும் பிரஷ், செயினுக்கு மண்ணெண்ணெய், டேங்குக்கு ஆள்காட்டி விரலில் சுற்றிய பனியனால் சின்னச் சின்ன வட்டமாக மெழுகு. தெருப் பெண்கள் அந்த டேங்கில் பொட்டைச் சரிசெய்துகொண்டுதான் பஸ் ஏறுவார்கள். அண்ணனும் அப்படித்தான், பஸ்ஸில்தான் போவார்.

"வண்டிய வெச்சுக்கிட்டு ஏனுங்கண்ணா பஸ்ல?" என்று கேட்டேன்.

"ரோடெல்லாம் தூசிங்க" என்றார்.

ஒரு துளி மழை விழுந்தால் வண்டிக்கு மூன்று போர்வை. என் ஸ்கூட்டரோ வாங்கிய நாளிலிருந்து மழையில் மட்டுமே குளித்தது. "அதப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்று ஒருநாள் வெளிப்படையாகவே சொன்னார்.

எங்கள் பக்கம் பெரியவர், சின்னவர் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் மட்டும் அந்த வார்த்தையை வண்டிக்கென்றே எடுத்து வைத்திருந்தார். எனக்கு 'ஏனுங்க'. என் மனைவிக்கு 'அம்மிணி'. நாங்கள் குடிவந்து நான்கு வருடமாக இதில் மாற்றமில்லை.

அந்தப் பரீட்சை ஞாயிற்றுக்கிழமை வரும்வரை.

அரசாங்க வேலைக்கு என் மனைவி எழுதும் பரீட்சை. வயது வரம்பு முடிவதால் அதுதான் கடைசி. அடுப்பங்கரைச் சுவரெல்லாம் குறிப்புகளை ஒட்டிவைத்துப் படித்திருந்தாள். அன்று விடிந்ததிலிருந்து பேய் மழை. குழாய் பதிக்கத் தோண்டிய ரோடு சேறாகிக் கிடந்ததால் பஸ் எங்கள் பக்கம் வரவே இல்லை. ஆட்டோக்காரர்கள் போனையே எடுக்கவில்லை. என் ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. சேலத்துப் பரீட்சை மையத்தில் ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். மணி எட்டு. ஹால் டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

வேறு வழியில்லாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். முந்தின நாள்தான் மெழுகு போட்டு முடித்திருந்தார். "அண்ணா, வண்டிச் சாவி..." என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னேன்.

மழையைப் பார்த்தார். மூன்று போர்வைக்குள் இருந்த வண்டியைப் பார்த்தார். மதிலுக்கு மேல் எட்டி என் ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"உங்க கையில குடுக்க மாட்டனுங்க" என்றார்.

நான் திரும்பிப் படியிறங்கினேன். அதற்குள் அவர் மூன்று போர்வையையும் உருவி எறிந்து, வண்டியைத் தெருவுக்கு உருட்டி வந்துவிட்டார். தோளில் கிடந்த பனியனை எடுத்து என் மனைவியிடம் நீட்டினார்.

"ஹால் டிக்கெட்டு நனைஞ்சுரும், இதுல சுத்திக்க. ஏறு சாமி."

அவள் என்னைப் பார்த்தாள், ஏறினாள். முதல் பள்ளத்தில் வண்டி இறங்கியதும் சேறு டேங்குக்கு மேல் எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மத்தியானம்தான் திரும்பினார்கள். வண்டி என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. கேட்டைச் சாத்த ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்களாம். பரீட்சை முடியும்வரை அண்ணன் ரோட்டோர மரத்தடியில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறார். இனி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்று நான் தள்ளி நின்றேன். அவர் வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எல்லாத்துக்கும் பதில் எழுதிப்போட்டியா சாமி?" என்றுதான் கேட்டார்.

சில மாதம் கழித்துத் தேர்ச்சி என்று வந்தது. நாமக்கல்லில் வேலை. இனிப்போடு சொல்லப் போனோம். அண்ணன் சைலன்சரிடம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்தார். கையிலிருந்த விபூதி டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து என் மனைவி நெற்றியில் பூசினார். எனக்குத் தெரிந்து அந்த விபூதி ஒரு மனுஷியின் நெற்றிக்குப் போனது அன்றைக்குத்தான்.

"பளபளன்னு இரு சாமி" என்றார்.

அன்று ராத்திரி வரைக்கும் அவள் முகம் கழுவவில்லை.