டர்போக் சார் போட்ட கையெழுத்து

புனேயில் இருந்த பயத்தையெல்லாம் திரட்டி ஒரே ஆளிடம் ஒப்படைத்திருந்தார்கள் என்றால், அவர் எங்கள் டர்போக் சார்தான். டர்போக் என்றால் இந்தியில் பயந்தாங்கொள்ளி. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

விஷ்ராந்த்வாடி பக்கம் ஓர் அரசுக் கிடங்கின் அலுவலகம். அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை. லிஃப்டில் ஏறமாட்டார், நான்கு மாடியும் படிதான். பஸ்ஸில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்காருவார். அதிகாரியின் மணி யாருக்காக அடித்தாலும் இவர் எழுந்து நிற்பார். ஒருநாள் வாசலில் குல்ஃபி வண்டிக்காரன் அடித்த மணிக்கும் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில்தான், ஐந்து மணிக்கு முடிந்த வேலையை ஆறு வரை நீட்டி உத்தரவு வந்தது. பழைய நேரத்தையே திரும்பக் கொடுங்கள் என்று மனு எழுதினோம். எழுதினோம் என்பது பேச்சுக்கு, எழுதியவன் நான். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். டர்போக் சாரிடம் நீட்டியபோது கழிப்பறைக்கு எழுந்து போனவர், மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார்.

மறுநாள் அதிகாரி எங்களை வரிசையாக நிற்க வைத்தார். முன்பு இருந்த ஆபீசில் மனு எழுதியவரை நாக்பூருக்கு மாற்றியவர் என்று கேள்வி. காகிதத்தைத் தூக்கிக் காட்டி, இதை எழுதியது யார் என்று கேட்டார். நாக்பூர், மகளின் பள்ளிக்கூடம், தனியாக ஓர் அறை, எல்லாம் என் கண்முன் ஓடின. முப்பது பேரும் தரையைப் பார்த்தோம்.

என் பக்கத்தில் நின்ற டர்போக் சார் ஓரடி முன்னால் போனார். அவருடைய உடைந்த இந்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“சார், உங்களைப் பார்த்தா எனக்குப் பயம். ஆனா இப்பல்லாம் ஏழு மணிக்கு வீட்டுக் கதவைத் திறக்கறப்ப அதைவிடப் பயமா இருக்கு.”

அவர் மனைவிக்கு மாலைக்கண். இருட்டிவிட்டால், விளக்கு போட்டாலும் நிழல்தான். வீட்டில் வேறு யாரும் கிடையாது. முந்தின வாரம் அந்த அம்மா தடவித் தடவி அடுப்பைப் பற்றவைத்து, முழங்கை வரை சுட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட அதிகாரியிடமே பேனா கேட்டார் டர்போக் சார். கை ஆடிய ஆட்டத்தில் கையெழுத்து மூன்று பேர் பெயர்மேல் ஏறி இறங்கியது.

யார் எழுதியது என்று அதிகாரி மறுபடி கேட்கவில்லை. மனு மேலே போனது. மழைக்காலத்துக்கு முன்பே பழைய நேரம் திரும்ப வந்தது.

அன்று ஐந்து மணிக்குப் படியிறங்கும்போது, எழுதியவன் நான்தான், அப்போது வாய் வரவில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

“தெரியும் தம்பி” என்றார். “உங்க முழங்கால் என் முழங்கால்ல இடிச்சுக்கிட்டே இருந்துச்சே.”

இப்போது ஓய்வு பெற்று புனேயிலேயே சாங்வியில் இருக்கிறார். பொழுது சாயுமுன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போவார். சில நாள் நானும் கூடப் போகிறேன். தெருநாய் எதிரே வந்தால் நான்தான் முன்னால் போய் விரட்டுகிறேன். நாய் என்றால் எனக்கும் பயம்தான்.