சக்கரத்துக்கு மேலே மூன்று விரல்

'தெரியாது' என்ற சொல்லை முப்பது வயதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோவை கணபதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் அதைச் சொன்னால் வண்டி பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். (போகட்டும் என்று விட்டிருக்கலாம்.)

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு அமுதா என்ற பெண்ணைப் பார்த்திருந்தார்கள். அவள் அப்பாவுக்குப் பீளமேட்டில் பம்ப் பவுண்டரி; வாசலில் ஒரு வெளிநாட்டுக் கார். சக்கரம் வழுக்கினால் தானே கண்டுபிடித்து எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் 'டிராக்‌ஷன் கன்ட்ரோல்' உள்ள கார். அதன் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தார்.

"பாத்துக் குடுங்க தம்பி. வெள்ளிக்கெழமை அவிநாசி கோயிலுக்கு இதுலயே போலாம். சாமி கும்பிட்டுப்போட்டு அங்கயே முடிவு சொல்லிப்போடறனுங்க."

அப்படிப்பட்ட காரை நான் தொட்டதுகூட இல்லை. இருந்தாலும் ஒரு முன்சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் போயிருப்பதைக் கண்டுபிடித்து, புதிது போட்டேன். விளக்கு அணைந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கழற்றிய டயரில் ஆணி ஏறியிருந்தது. வருங்கால மாமனாருக்கு என் அன்பளிப்பாகப் புது டயர் ஒன்றை ஏற்றினேன். அளவு கொஞ்சம் பெரிது. மாப்பிள்ளைக்குத் தாராள மனசு என்று நினைக்கட்டுமே!

வெள்ளிக்கிழமை நான் ஓட்ட, மாமா பக்கத்தில், அத்தையும் அமுதாவும் பின்னால். அவிநாசி ரோட்டில் வேகம் எடுத்ததும் விளக்கு எரிந்தது. எஞ்சின் மூச்சுப் பிடித்துக்கொண்டது. மொபெட்டில் வாழைத்தார் கட்டிப் போனவர் எங்களை முந்திவிட்டு, சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, என்னாச்சுங்க?"

"சென்சார் புதுசுங்க மாமா. வண்டிக்குப் பழகோணும்."

"புது மருமகளாட்டமா?" என்றார் அத்தை.

இரண்டு முறை நிறுத்தினேன். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினேன். சென்சார் ஒயரை ஊதினேன். (எதற்கு என்று கேட்காதீர்கள்.) மூன்றாம் முறை காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை கிரீஸ் துணியாகியிருந்தது.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "நடை சாத்தீருவாங்க. நாங்க பஸ்ஸுல போயிக்கறோம். மத்ததை அப்பறம் பேசிக்கலாங்க."

எங்கள் பக்கம் 'அப்பறம் பேசிக்கலாங்க' என்றால் என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

அப்போதுதான் அமுதா குனிந்து, முன்சக்கரத்துக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கமும் போய் வைத்தாள்.

"ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. இந்த டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு வெரலுதான் போவுது. அந்தப் பக்கம் மூணு வெரலு போவுதுங்க. இப்படித்தான் இருக்கோணுங்களா?"

"டிசைனே அப்படித்தா..." என்று தொடங்கிய வாய், அவள் முகத்தைப் பார்த்து நின்றது. "தெரியலீங்க" என்றேன். வாழ்க்கையில் முதல்முறை.

சொன்னதும் புரிந்தது. பெரிய டயர் மெதுவாகச் சுற்றுகிறது; மற்றது வழுக்குகிறது என்று கார் நம்பிவிட்டது. டிக்கியிலிருந்த பழைய அளவு ஸ்டெப்னியை மாட்டினேன். விளக்கு அணைந்தது, கார் பறந்தது, நடை சாத்துமுன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "அந்த டயரை மாட்டுனது ஆருங்க?"

"நானுங்க."

மகள் பக்கம் திரும்பினார். "அம்மணி, நீ என்ன சொல்ற?"

"தனியா உட்டா இவரு மீதி மூணு சக்கரத்துக்கும் அன்பளிப்புக் குடுத்துருவாருங்கப்பா. கூட ஓராள் வேணும்."

இன்றும் மிக்ஸி நின்றாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் நான் காரணம் சொல்ல வாயெடுத்தால் அமுதா பேசமாட்டாள். மூன்று விரலைக் காட்டுவாள். போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த பையன், ஓடாமல் நின்ற எங்கள் ஃபேனைப் பார்த்து, "இது ஒண்ணுமே இல்லீங்க மாமா" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான்.

உள் அறை வாசலில் நின்றபடி, என் மகள் அவனுக்கு மூன்று விரலைக் காட்டினாள்.