அக்கா என்பது படிமம்

உலகத்தில் எத்தனையோ மாபெரும் இயக்கங்கள் தோன்றி, மக்களிடம் போய்ச் சேர்ந்து, அதனாலேயே கெட்டுக் குட்டிச்சுவராகியிருக்கின்றன. அந்த விபத்து நேராமல் பதினோரு ஆண்டுகளாகத் தன்னைக் காத்துக்கொண்ட ஒரே அமைப்பு சுயேச்சை இசைச் சங்கம்தான். உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். மாத இதழான ‘சுயேச்சை இசைச் செய்தி’ அச்சாவதும் நாற்பத்து மூன்று பிரதி. நாற்பத்து நான்காவது ஆள் கேட்டு ரசித்துவிட்டால் எந்தப் பாட்டும் ‘ஜனரஞ்சகம்’ ஆகிவிடும் என்பது சங்கத்தின் மூன்றாம் விதி.

விதியை எழுதியவர் செயலாளர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊராருக்குப் பார்வை சோதிப்பவர். “ஒரு பாட்டையாவது வீட்ல போடுங்களேன்” என்று மனைவி கேட்டபோது, “நீ கேட்டா நாற்பத்து நாலு” என்று மறுத்தவர். அவருக்குக் கொள்கை பெரிது, குடும்பம் அப்புறம்தான்.

சங்கத்தின் அறை ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. கீழேயிருந்து நீராவி ஏறிவந்து மழைக்காலம் முழுக்கக் கிதாரின் சுருதியைக் கலைத்துவிடும். இதழில் அதை ‘ஈரப்பதத்தின் பங்களிப்பு’ என்று குறிப்பிடுவது வழக்கம்.

ஆண்டுதோறும் மழைக்காலத்தில் சங்கம் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து ‘ஆளை விடாத பருவப் பாடல்’ என்று சான்றிதழ் தரும். சோதனை மிகக் கடுமையானது. பாட்டு முடிந்தபின் நாற்பது விநாடி யாரும் செருப்பைத் தேடக் கூடாது. சென்ற ஆண்டு, ஒழுகும் குழாயின் ஓசையை ஒன்பது நிமிடம் பதிவுசெய்த ஒருவர் வென்றார். முடிந்ததும் யாரும் அசையவில்லை. இரண்டு பேர் தூங்கிப்போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது, தீர்ப்பு திருத்தப்படவில்லை.

இந்த ஆண்டுப் பாட்டு தரை வழியாகவே வந்தது. சலவைக்காரம்மா இஸ்திரி போட்டபடி பாடிக்கொண்டிருந்தாள்.

*மழை வருது, கொடியைப் பாரு…*

பிறகு நான்கு விநாடி ஒன்றுமில்லை. இஸ்திரிப்பெட்டி மட்டும் ‘தொம்’ என்றது.

*காத்து வருது, கதவைப் பாரு…*

மறுபடி நான்கு விநாடி. மேலே நாற்பத்து மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படியொரு மௌனத்தை அவர்கள் வாழ்நாளில் கேட்டதில்லை. அன்றே மாடிப்படியில் மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவுசெய்துகொண்டு, செயலாளர் அனுமதி கேட்கக் கீழே போனார்.

“தாராளமா எடுத்துக்குங்க சார். நாலு பேர் காதுல விழுந்தா சரி” என்றாள் அவள்.

“நாலு என்னம்மா, நாற்பத்து மூணு வரைக்கும் போகலாம்.”

“எங்கக்கா காதுல விழணும் சார். அம்மா செத்தப்ப நான் ஒருநாள் தாமதமாத்தான் வந்தேன். அன்னிக்கு அவ பேச்சை நிறுத்தினா. ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப எந்த ஊர்ல இருக்கான்னும் தெரியல. சின்ன வயசுல துணி எடுக்க ஓடறப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பாடுவோம். நான் நிறுத்தற இடம் அவ பாடற இடம். இந்தப் பாட்டைக் கேட்டா வந்துடுவா.”

செயலாளரின் கண் கலங்கியது. கலை உணர்வு மிக்கவர். அந்த மாத இதழில் இப்படி எழுதினார்: ‘இப்பாடலின் ஆன்மா அதன் மௌனமே. அக்கா வருவாள் என்கிறார் கலைஞர். அக்கா என்பது படிமம். வரவே வராத ஒன்றுக்கு மனிதகுலம் வைத்த பெயர் அது.’

சலவைக்காரம்மாவுக்கு ஒரு பிரதி கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் மூன்றாம் விதி இருக்கிறது.

அரங்கேற்றம் ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது. படைத்தவர் முன்னால் இருந்தால் கேட்பவர்கள் முகதாட்சண்யத்துக்காக உருகிவிடுவார்கள் என்பது ஐந்தாம் விதி. அதன்படி அவள் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அறையில் புழுக்கம் தாங்காமல் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அன்று பெரிய சாலையில் மரம் விழுந்ததால் வெளியூர்ப் பஸ்களெல்லாம் அந்தத் தெரு வழியாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒலிபெருக்கி பாடியது.

*மழை வருது, கொடியைப் பாரு…*

நான்கு விநாடி. நாற்பத்து மூன்று பேரும் கண்ணை மூடினார்கள்.

*காத்து வருது, கதவைப் பாரு…*

“பாத்தாச்சு, பாத்தாச்சு, நீ நனையாம வா” என்று வாசலில் ஒரு குரல் பாடியது.

எல்லாக் கண்ணும் திறந்தன. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், கண்டக்டர் உடுப்பில், தோளில் பையோடு மூச்சு வாங்க நின்றாள். மாடி ஏறி ஓடிவந்திருக்கிறாள். பொருளாளர் காதைப் பொத்திக்கொண்டார். பதினோரு ஆண்டு வரலாற்றில் சிறந்த மௌனம் பாழாகிவிட்டது.

செயலாளர் அவளை நாசூக்காகப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார்.

“இது யாரு சார் பாடினது? எங்க இருக்கா?”

“கலைஞரோட விவரம் சொல்றது எங்க மரபு இல்லம்மா.”

“நான் அவ அக்கா சார்.”

செயலாளர் கருணையோடு சிரித்தார். பாட்டு ஒருவரை இந்த அளவுக்குப் பாதிக்கிறதே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

“எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணும். ஆனா அவங்க தனிமையைத் தேர்ந்தெடுத்தவங்க. யாரும் வர வேணாம்னுதான் அந்த இடத்தைக் காலியா விட்டிருக்காங்க.”

“அவளே சொன்னாளா?”

“பாட்டே சொல்லுதே.”

கீழே பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஒலிபெருக்கி இருந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி சார்” என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை செயலாளர் விழாச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்கப் போனார். நற்செய்தியை நேரில் சொல்லிவிடலாம் என்பதும் எண்ணம்.

“உங்க பாட்டுக்குத்தாம்மா சான்றிதழ். நடுவுல ஒரு பஸ் கண்டக்டரம்மா புகுந்து மௌனத்தைக் கெடுத்துட்டாங்க. பக்குவமா அனுப்பிட்டேன்.”

“கெடுத்தாங்கன்னா?”

“கூடப் பாடிட்டாங்கம்மா. பாத்தாச்சு, நீ நனையாம வா, அப்படின்னு.”

சட்டையின் மேல் இஸ்திரிப்பெட்டி நின்றுபோனது. முதுகுப் பக்கம் பழுப்பாகிப் புகை வந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

“என்ன பஸ் சார்?”

“கவனிக்கலம்மா. பாட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.”

“என்ன சொல்லி அனுப்பினீங்க?”

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல, தான் சொன்னதை அவரே முதல்முறையாகக் கேட்டார்.

அவள் அழவில்லை. இஸ்திரிப்பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். “அது மௌனம் இல்ல சார். அவளுக்குன்னு ஒன்பது வருஷமா நான் போட்டு வச்ச இடம். ஆளு வந்து நின்னிருக்கு. இடம் இல்லன்னு எறக்கி விட்டுட்டீங்க” என்றாள். பிறகு கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

செயலாளரைக் குறை சொல்ல முடியாது. தவறைத் திருத்திக்கொள்ளும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி வெளியிட்டார்: ‘திருத்தம். சென்ற இதழில் அக்கா என்பது படிமம் என்று வெளியாகியிருந்தது. அக்கா என்பது அக்கா. வயது சுமார் ஐம்பது, வெளியூர்ப் பஸ் கண்டக்டர். அவரைக் காண்பவர்கள், தங்கை தேடுவதாகத் தெரிவிக்கவும். படிக்கட்டில் நான் அவரிடம் சொன்னதெல்லாம் பொய்.’

அந்த இதழில் ஒரே ஒரு பிரதி கூடுதலாக அச்சிட்டு, பஸ் நிலையத்தில் ஒட்ட அனுமதி வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டார். செயற்குழு எழுந்து நின்று நாற்பது விநாடி மௌனம் காத்தது. யாரும் செருப்பைத் தேடவில்லை. பிறகு கோரிக்கையை ஏகமனதாக நிராகரித்தது. பொதுமக்கள் யாராவது படித்துவிடும் அபாயம் இருந்தது.