பெயர் கேட்டு வந்தவன்

"ஸ்டைனுல்வ்னு பேரா?" பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த மனைவியை ஐனார் முறைத்தான். "யாரு அது?"

"எனக்கென்ன தெரியும்? கல்லு, ஓநாய்னு அர்த்தம் வர்ற பழைய பேராம். மாசமா இருக்கறப்ப கனவுல வந்தாரு. கட்டில் பக்கத்துல நின்னு பேரைச் சொன்னாரு, போயிட்டாரு."

"ஆம்பளையா?"

"பொம்பளைக்கு எவன் ஓநாய்னு பேர் வைப்பான்?" என்றாள் ராண்டி.

கர்ப்பிணியின் கனவில் இறந்தவர் வந்தால், தன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கக் கேட்டு வந்திருக்கிறார் என்பது அந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும். வைக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது. ஆனால் ராண்டி தெற்கே பெர்கன் பட்டணத்தில் வளர்ந்தவள். வந்தவன் உண்மையிலேயே செத்தவன்தானா, இல்லை அங்கே அவளுக்குப் பழக்கமானவனா? ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குள் ஐனாருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

காப்பித்தூள் வாங்குகிற சாக்கில் கடைக்காரரிடம் கேட்டான். "பெர்கன்ல ஸ்டைனுல்வ்னு யாராவது இருக்காங்களா?"

"ஏன், ராண்டியைத் தேடி வந்திருக்கானா?"

மாலையில் படகுத்துறையில் மீன் தலை அரிந்துகொண்டிருந்தவர்கள் அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் மட்டும் சொன்னான்: "கவலைப்படாதே ஐனார். பையனுக்குக் காது உன்னோடதுதான். ரெண்டும் பாய்மரம் மாதிரி விரிச்சிக்கிட்டு நிக்குது."

ஊர் வாயை அடைக்க வழி கேட்டு அம்மாவிடம் போனான். பெயரைக் கேட்டதும் அவள் கையிலிருந்த காப்பி மேசைவிரிப்பில் கொட்டியது.

"அந்தப் பேர் மட்டும் வேணாம்பா. உங்கப்பா பேரையே வை."

"அப்ப உனக்கும் விஷயம் தெரியுமாம்மா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மருமகளைக் காட்டிக்கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை என்று ஐனார் புரிந்துகொண்டான். ஞானஸ்நானத்தை நிறுத்திவிடுவதென்று நேரே தேவாலயத்துக்கு நடந்தான். பாதிரியார் இல்லை. மணியடிக்கும் தோர்லைஃப் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்டைனுல்வா? நம்மூர்க்காரன்தான். நீ பிறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கடலோட போயிட்டான். உடம்புகூடக் கிடைக்கல."

"நான் பிறக்கறதுக்கு முன்னாடியா? அப்ப ராண்டி பிறக்கவே இல்லியே."

"எப்படிப் பிறந்திருப்பா? உன்னைவிடச் சின்னவதானே."

ஐனாருக்குப் போன உயிர் வந்தது. புகையிலையை எடுத்து அவரிடம் நீட்டினான். பாவம் ராண்டி, அவளைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்.

"ஆமா, ஊர்ல இத்தனை வீடு இருக்கறப்ப அந்த ஆளு ஏன் எங்க வீட்டுக்கு வந்து பேர் கேக்கறாரு?"

தோர்லைஃப் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு, ஐனாரின் காதுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செத்தவங்க சொந்த ரத்தத்துக்கிட்டதான்டா பேர் கேப்பாங்க. உங்கம்மா ஒண்ணுமே சொல்லலியா?"